பசியோடு சண்டையிடாமல் எடையைக் குறைப்பது எப்படி

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் நம் வீடுகளில் முதலில் கைவைப்பது சோற்றில்தான். காலையில் நான்கு இட்லி இரண்டாகிறது. மதியச் சோறு பாதியாகிறது. இரவு இரண்டு சப்பாத்தியோடு முடிந்துவிடுகிறது. சாம்பார் அதே நீர்த்த சாம்பார், பொரியல் அதே ஒரு கரண்டி. மூன்று நாள் தாக்குப்பிடித்தவர் நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பஜ்ஜிச் சட்டியின் முன்னால் நிற்கிறார். மன உறுதி போதவில்லை என்று அவரும் நினைக்கிறார், வீட்டாரும் சொல்கிறார்கள். ஆனால் அவர் தட்டிலிருந்து எடுத்தது மாவுச்சத்தை மட்டுமே. பசியை நெடுநேரம் அடக்கக்கூடிய சத்துகள் அந்தத் தட்டில் முன்பும் போதிய அளவு இல்லை, இப்போதும் இல்லை. எனவே சோற்றைக் குறைப்பதற்கு முன்னால் தட்டில் எதைச் சேர்ப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது, ஒவ்வொரு சத்தும் உடலின் ஹார்மோன்களை என்ன செய்கிறது என்பதை நம் வீட்டுச் சமையலை வைத்தே இங்கே பார்க்கலாம்.

சிலர் தொடங்கும் முன்பு மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். நீரிழிவுக்கான டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே ரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உணவைக் குறித்து ஏற்கெனவே மன உளைச்சலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இங்கே சொல்லப்படும் அளவுகள் பொருந்தாது.

பசியை எழுப்புவதும் அடக்குவதும்

வயிற்றிலிருந்து சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோனை 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். உணவு நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அது வெறும் வயிற்றுக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று, வழக்கத்துக்கும் கட்டுப்பட்டது என்பதாகும். தினமும் 11 மணிக்கு டீயும் வடையும் சாப்பிட்டுப் பழகியவருக்குக் காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும் 11 மணிக்கு வயிறு கேட்கும். அந்த அலை பெரும்பாலும் தானாகவே வடிந்தும் விடும் என்பதைத் தெரிந்துகொண்டவருக்குப் பாதிச் சுமை குறைகிறது.

உணவு குடலுக்குள் இறங்கியதும் எதிர்த் திசையிலான சைகைகள் தொடங்குகின்றன. சிறுகுடலின் மேற்பகுதி, கொழுப்பையும் புரதத்தையும் உணர்ந்து சி.சி.கே. என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. அது பித்தப்பையைச் சுருக்குவதோடு, வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள செல்கள் ஜி.எல்.பி.–1, பி.ஒய்.ஒய். ஆகிய இரண்டையும் சுரந்து, "போதும்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. இவை எல்லாம் அன்றன்றைய வேளைக்கான கணக்கு.

நெடுங்காலக் கணக்கை வைத்திருப்பது லெப்டின். இதைக் கொழுப்புத் திசுவே சுரக்கிறது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994இல் இதற்கான மரபணுவைக் கண்டறிந்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்கு லெப்டின் ஊசி அற்புதமாக வேலை செய்தது உண்மை. மற்றப் பருமனானவர்களின் ரத்தத்திலோ லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருந்தது. மூளைதான் அதற்குச் செவிசாய்க்கவில்லை. ஆனால் உணவைக் கடுமையாகக் குறைக்கும்போது லெப்டின் சட்டென்று சரிகிறது, அந்தச் சரிவை மூளை பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. எடை குறைப்பவரைத் துரத்தும் ஓயாத பசிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புரதம்: முதலில் சரிசெய்ய வேண்டியது

மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்னும் மூன்று பெருஞ்சத்துகளில் பசியை நெடுநேரம் தள்ளிவைப்பது புரதம். மாவுச்சத்து மிகுந்த உணவு கிரெலினை விரைவாக இறக்குகிறது, ஆனால் சில மணி நேரத்தில் அது முன்பிருந்ததைவிட மேலே எழுந்துவிடுகிறது; புரதம் மிகுந்த உணவுக்குப் பிறகு அது நெடுநேரம் தாழ்ந்தே இருக்கிறது. புரதம் பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.–1 இரண்டையும் தூண்டுகிறது. அதைச் செரித்து உடலுக்குப் பயன்படுத்தவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு இச்செலவு 5 முதல் 10 சதவீதம், கொழுப்புக்கு 3 சதவீதம் வரைதான். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையாமல் காப்பதும் புரதமே.

எவ்வளவு தேவை? நல்ல உடல்நலத்துடன் உள்ள பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. எடையைக் குறைக்கும் காலத்தில் 1.2 கிராம் வரை கொண்டுபோவது நல்லது. இன்றைய எடையை வைத்துக் கணக்கிடாமல், எட்ட விரும்பும் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். 60 கிலோவுக்கு வர நினைப்பவருக்கு இது 72 கிராம் ஆகிறது.

இப்போது நம் தட்டுக்கு வருவோம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம், 100 கிராம் சோற்றில் சுமார் 2.5 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் தயிரில் 3 முதல் 3.5 கிராம், 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 9 கிராம், 100 கிராம் பன்னீரில் 18 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் என்பார்கள். அது வேகாத உலர்பருப்பின் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கைப்பிடிப் பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால், ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு கிராம் தான். "நாங்கள் தினமும் பருப்பு சாப்பிடுகிறோம்" என்று சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவை சாப்பிடுவது பருப்பின் வாசனையை. ஒருவருக்கு 30 கிராம் உலர்பருப்பு என்று அளந்து போட்டு, சாம்பாரைக் கெட்டியாக வைத்தால் அதிலேயே 6, 7 கிராம் வந்துவிடும். வீட்டில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நார்ச்சத்து

நார்ச்சத்து செரிப்பதில்லை என்பதாலேயே பயன் தருகிறது. அது உணவின் பருமனைக் கூட்டி வயிற்றை விரிக்கிறது. வெந்தயம், வெண்டைக்காய், ஓட்ஸ் போன்றவற்றில் உள்ள வழுவழுப்பான நார் வயிற்றில் கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. எஞ்சியது பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து, குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள், மேலே சொன்ன ஜி.எல்.பி.–1, பி.ஒய்.ஒய். சுரக்கும் செல்களைத் தொடுகின்றன.

இதைப் படித்துவிட்டு, வெந்தயத் தண்ணீரை "இயற்கையான எடைக்குறைப்பு ஊசி" என்று விற்பவர்களை நம்பிவிட வேண்டாம். உடலில் தானாகச் சுரக்கும் ஜி.எல்.பி.–1 இரண்டே நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடுகிறது. அதே ஹார்மோனைப் போல வடிவமைக்கப்பட்ட செமகுளுடைடு என்ற ஊசி மருந்து பாதியாகச் சிதைவதற்கு ஒரு வாரம் ஆகிறது. அதனால்தான் அதை வாரம் ஒரு முறை போட்டால் போதுமாகிறது. உணவு தரும் தூண்டலும் அந்த ஊசி தரும் தூண்டலும் அளவில் ஒப்பிடத்தக்கவையல்ல. உணவின் பங்கு சிறியது, ஆனால் நாளுக்கு மூன்று வேளை, ஆண்டு முழுவதும், கைக்காசு அதிகம் செலவில்லாமல் கிடைப்பது.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு" என்ற பழமொழியை இந்த இடத்தில் நினைவுகூர்வது பொருத்தம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கொள்ளில் அப்படி எதுவும் இல்லை. புரதமும் நாரும் மிகுந்த ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலைச் சாப்பிட்டவருக்கு அடுத்த வேளைப் பசி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். சிறிய கையளவிலேயே கலோரி நிறைந்திருப்பதால் இளைத்தவருக்கு ஏற்றது. பழமொழி சொன்னவர்கள் காரணத்தை எழுதிவைக்கவில்லை, ஆனால் கணக்கில் தவறவில்லை.

காய்கறியும் பழமும் சேர்ந்து நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்றி, தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

கொழுப்பு

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. கொழுப்பு சி.சி.கே.யைத் தூண்டினாலும், கலோரிக்குக் கலோரி ஒப்பிட்டால் பசியை அடக்குவதில் பின்தங்கியே நிற்கிறது. சமையலறையில் இது எப்படி மறைந்திருக்கிறது என்றால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்பது சுமார் 40 கலோரி. தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றுபவர் ஒரு பொரியலுக்கு நான்கைந்து தேக்கரண்டி ஊற்றிவிடுகிறார். அந்த எண்ணெயால் சாப்பிடுபவருக்கு வயிறு கூடுதலாக நிறைந்ததாகத் தோன்றுவதே இல்லை. மாத எண்ணெயைக் குடும்பத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்; பலருக்கு அந்த ஒரு எண்ணே போதும். கொழுப்பை அறவே ஒழிக்க வேண்டியதில்லை. வேர்க்கடலை, தேங்காய்த் துருவல், மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றோடு வரும் கொழுப்புக்கு இடம் வைத்து, ஊற்றும் எண்ணெயைக் குறைப்பதே முறை.

மாவுச்சத்தும் இன்சுலின் பற்றிய வாதமும்

இணையத்தில் மிகுதியாகப் பேசப்படுவது இன்சுலின். மாவுச்சத்து இன்சுலினைக் கூட்டுகிறது, இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கிறது, ஆகவே சோறு சாப்பிட்டால் எடை குறையவே குறையாது என்று வாதம் போகிறது. முதல் இரண்டு கூற்றுகளும் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து வரவில்லை. சாப்பிட்ட பின் சில மணி நேரம் கொழுப்புத் திசு, சேமித்ததை வெளியே விடாமல் தன் கதவை மூடுகிறது. இடைவெளியிலும் உறக்கத்திலும் திறக்கிறது. நாள் முழுவதற்குமான வரவைவிடச் செலவு கூடுதலாக இருந்தால், சேமிப்பு குறைந்தே தீரும். மேலும் புரதமும் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அதனால் யாரும் குண்டாவதில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் இழந்தார்கள்; இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இன்சுலின் மிகுதியாகச் சுரப்பவர்களுக்குக் குறைந்த மாவுச்சத்து உணவுதான் ஏற்றது என்ற எதிர்பார்ப்பும் அதில் நிறைவேறவில்லை. இரு தரப்பினரிடமும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைத்து, காய்கறியைக் கூட்டும்படி சொல்லப்பட்டிருந்தது என்பதே அதில் நமக்கான செய்தி.

ஆகவே சோற்றை வீட்டைவிட்டு விரட்ட வேண்டாம். அளவைச் சுருக்குங்கள், கூட வருவதை மாற்றுங்கள். இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை), கொழுப்புக் கல்லீரல், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவை உள்ளவர்களுக்கு மாவுச்சத்தைச் சற்று அதிகமாகவே குறைப்பது ரத்தச் சர்க்கரையைச் சீராக்க உதவும்; அது எடைக்கான மந்திரம் என்பதால் அன்று. கைக்குத்தல் அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் மாறுவது நாருக்காக நல்லது, ஆனால் வெள்ளை அரிசிக்கும் தினைக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு கிடையாது. "சிறுதானியம்தானே" என்று இரு மடங்கு சாப்பிடுபவரை நான் பார்த்திருக்கிறேன். பழைய சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆறிய சோற்றில் செரிக்காத வகை மாவுச்சத்து சிறிதளவு கூடுகிறது, நீராகாரமும் மோரும் சேர்ந்து அளவைப் பெருக்குவதால் வயிறு குறைந்த சோற்றிலேயே நிறைகிறது. கோடையில் நல்ல காலை உணவு. தொட்டுக்கொள்ள மோர்மிளகாயை எண்ணெயில் பொரிக்காமல் சின்ன வெங்காயமும் ஒரு கிண்ணம் பயறும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நீராகக் குடிக்கும் சர்க்கரை தனி வகை. மென்று தின்பதற்கு உடல் கணக்கு வைப்பதுபோல, குடிப்பதற்கு வைப்பதில்லை. குளிர்பானமோ பழச்சாறோ குடித்தவர் அடுத்த வேளையில் அதற்கு ஈடாகக் குறைத்துச் சாப்பிடுவதில்லை. நாளுக்கு நான்கு முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையோடு காபி குடிப்பவருக்கு அதிலேயே 40 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லும் எல்லை 25 கிராம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவையும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். வாரத்துக்குக் கால் தேக்கரண்டி என்று குறைத்து வந்தால் ஓரிரு மாதங்களில் நாக்கு பழகிவிடும். மதுவில் ஒரு கிராமுக்கு 7 கலோரி. கூடவே வரும் வறுவலையும் சேர்த்து எண்ணுங்கள்.

அயோடின், இரும்பு, வைட்டமின் டி ஆகியவற்றில் குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும். தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் இன்றியமையாதது. ஆனால் குறையில்லாதவர் இவற்றை மாத்திரையாக விழுங்குவதால் எடை குறையாது.

ஒரு நாளின் தட்டு

காலையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நம் உணவில் புரதம் மிகவும் வறண்டுபோயிருப்பது அங்குதான். நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் கிடைப்பது 8, 9 கிராம் புரதம். மூன்று இட்லி, கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு வேகவைத்த முட்டை என்று மாற்றினால் அது 24 கிராமை நெருங்குகிறது. பதினொரு மணிப் பசி அதிலேயே பெரிதும் அடங்கிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் அடையையோ பாசிப்பயறு தோசையையோ நாடலாம். அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி அரைத்த அடை, நம் சமையலில் புரதத்துக்காகவே செய்ததுபோல அமைந்த பண்டம். எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றும் பழக்கத்தை மட்டும் அடக்க வேண்டும். உப்புமா, பொங்கல், பூரி மூன்றும் எப்போதாவது.

மதியத்துக்கு அளவு கண்ணால் பார்க்கும்படி இருக்கட்டும். தட்டில் பாதி இடத்தைக் காய்கறிக்குக் கொடுங்கள்: ஒரு பொரியலும் ஒரு கூட்டும், அல்லது கீரையும் வெள்ளரிப் பச்சடியும். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் ஆகியவை சோற்றின் கணக்கில் சேர்பவை, காய்கறியின் கணக்கில் அல்ல. ஆயினும் உருளையைப் பகைக்க வேண்டியதில்லை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒப்பிட்ட சோதனையில், ஒரே கலோரி அளவில் வயிற்றை நிறைப்பதில் முதலிடம் பெற்றது வேகவைத்த உருளைக்கிழங்குதான். வறுத்தெடுக்கும்போதுதான் அது வேறு பொருளாகிறது. தட்டில் கால் பங்கு சோறு, 150 முதல் 200 கிராம். அதாவது ஏறத்தாழ 200 முதல் 260 கலோரி. மீதிக் கால் பங்கு புரதத்துக்கு: குழம்பில் வெந்த மீன், கோழி, முட்டை, அல்லது பன்னீர், சுண்டல், மீல்மேக்கர். உலர்ந்த மீல்மேக்கரில் எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பதால் 25 கிராமே 13 கிராம் தருகிறது. கடைசியில் ஒரு கிண்ணம் தயிர்.

மாலை நான்கரை மணிதான் உண்மையான சோதனை. அந்த நேரத்தில் பசிக்கும் என்று தெரிந்தே தயாராக இருப்பது, பசித்த பிறகு யோசிப்பதைவிட எளிது. முந்தின இரவே ஊறவைத்த கடலையோ தட்டைப்பயறோ காலைக் குக்கரில் ஒரு விசில் சேர்த்து வைத்துவிட்டால், மாலையில் கடுகு கறிவேப்பிலை தாளித்துச் சுண்டலாகிவிடும். கடற்கரையில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் இதில் குறைந்ததன்று. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஏற்றதுதான், கைப்பிடி ஒன்றோடு நிற்பவருக்கு.

இரவு உணவு இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா என்று இருந்தால் அது மறுபடியும் மாவின் மேல் மாவு. அதே இரண்டு சப்பாத்தியோடு பாலக்கீரைப் பன்னீரோ கொண்டைக்கடலைக் குழம்போ முட்டைப் பொரியலோ வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

இத்தனையும் வீட்டுச் சமையலாக இருப்பதில் ஒரு பொருள் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வழங்கப்பட்டன. பரிமாறப்பட்ட கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் இரண்டிலும் சமமாக இருந்தும், விரும்பிய அளவு சாப்பிடவிட்டபோது பதப்படுத்திய உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டே வாரத்தில் 0.9 கிலோ எடை ஏறியது. பதப்படுத்தாத உணவின்போது பி.ஒய்.ஒய். உயர்ந்தும் கிரெலின் தாழ்ந்தும் இருந்தன. சத்துகளின் அளவு மட்டுமே எல்லாம் என்று நினைப்பவர்கள், நான் உட்பட, இந்த முடிவுக்குப் பின் சற்று அடக்கத்தோடு பேச வேண்டியிருக்கிறது.

வேகம், வரிசை, உறக்கம்

குடலின் கீழ்ப்பகுதிச் சைகைகள் மூளையை எட்ட நேரம் பிடிக்கிறது. கிரேக்க ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒரு சிறு சோதனையில், ஒரே அளவு ஐஸ்கிரீமை ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டபோதைவிட அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிட்டபோது பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.–1 இரண்டும் கூடுதலாகச் சுரந்தன. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு ஒரு பக்கச் சான்று. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதற்கு முன் பத்து நிமிடம் பொறுப்பது என்பதை விதியாக வைத்துக்கொள்ளலாம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ளுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது குறிப்பாகப் பயன்படும். சோறும் குழம்பும் பிசைந்து சாப்பிடும் நமக்கு இது முழுமையாக ஒத்துவராது என்றாலும், பொரியலில் பாதியையும் சுண்டலையும் முதலில் முடித்துவிடுவதில் சிரமமில்லை.

உறக்கத்தைக் குறைத்தவரிடம் தட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டு, அதையே நீண்ட உறக்கத்தோடு ஒப்பிட்டபோது, லெப்டின் 18 சதவீதம் குறைந்தும் கிரெலின் 28 சதவீதம் கூடியும் இருந்தன. இது 2004இல் வெளியானது. அந்த இளைஞர்கள் விரும்பியது இனிப்பும் உப்புப் பண்டங்களும்தான். இரவுப் பணி செய்பவர்கள் இந்தப் பாதகத்தோடுதான் தொடங்குகிறார்கள் என்பதால், அவர்கள் எடை இழப்பின் வேகத்தைப் பிறரோடு ஒப்பிட வேண்டாம்.

நடைப்பயிற்சி நல்லது; வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவதோ தண்டால் பஸ்கியோ அதனோடு சேர வேண்டும், தசை நிற்பதற்காக.

எடையைப் பார்ப்பதும் தேங்கினால் செய்வதும்

உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.; கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23ஐத் தாண்டினாலே இந்தியருக்கு அது கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளிய உடல்வாகு நம்மிடையே மிகுதி என்பதால், எடைக் கருவியைவிட அளவு நாடாவை நான் கூடுதலாக நம்புவேன்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் கொண்டாட வேண்டாம். உடல் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜன், கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது; சோற்றைக் குறைத்ததும் அந்த நீர் வெளியேறுகிறது. ஒரு கல்யாண விருந்துக்குப் பின் அதே நீர் திரும்பி வரும்போது மனம் தளரவும் வேண்டாம். காலையில் கழிவறை சென்று வந்தபின் எடை பார்த்து, வாரச் சராசரியை எழுதிவையுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள் ஒரு மாதத்தின் அதே வாரத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ போதுமான வேகம். மிக விரைவாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்த ஆய்வு 2011இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் அவர்களின் கிரெலின் உயர்ந்தும் லெப்டினும் பி.ஒய்.ஒய்.யும் தாழ்ந்துமே இருந்தன, பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. இழந்த எடையை மீட்க உடல் நெடுங்காலம் முயல்கிறது. அதனால் முதல் இலக்காக இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதத்தை வைத்து, அதை எட்டியபின் மூன்று நான்கு மாதம் அதே எடையில் நிற்கப் பழகிவிட்டு, பிறகு அடுத்த படியை யோசிக்கலாம். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி ஆகியவற்றில் அந்த 5 சதவீதமே வேறுபாட்டைக் காட்டத் தொடங்கும்.

நான்கு வாரச் சராசரி அசையாமல் நின்றால் சோற்றை மேலும் வெட்டுவதற்கு முன் இந்த வரிசையில் சோதியுங்கள். முதலில் எண்ணெய் அளவு. அடுத்து காபியும் டீயும், அவற்றோடு வரும் பிஸ்கட்டும். பிறகு பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம். சமைப்பவர்களுக்கு இது ஒரு சிறு வேளை உணவுக்கே சமமாகிவிடுகிறது. நான்காவதாக ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இவை நான்கும் சரியாக இருந்தும் எடை நகரவில்லை என்றால், அதோடு சோர்வு, குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு, காரணமில்லாத முடி உதிர்வு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால், மருத்துவரைப் பார்த்துத் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ மனநல மருந்தோ எடுத்துக்கொண்டிருப்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சில மருந்துகளே பசியைக் கூட்டுபவை.